எம்ஆர்ஐக்கு இன்ஷூரன்ஸ் ஏன் கை விரிக்கிறது?

ஸ்கேன் எடுப்பதற்காக மட்டும் ஒரு நாள் அட்மிட் ஆனால் பணம் வராது. இந்தியாவின் மெடிக்கல் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன் 04’ அதைத்தான் சொல்கிறது: பரிசோதனையே முக்கிய நோக்கமாக இருக்கும் அட்மிஷன் சேராது. “படுத்துக்குங்க, க்ளைம் பண்ணிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெளிநோயாளியாக எடுத்த ஸ்கேனுக்கு வேறு வழி உண்டு. பிறகு அதே நோய்க்காக அட்மிட் ஆனால், அட்மிஷனுக்கு முந்தைய செலவாகக் கேட்கலாம். ‘ஆரோக்ய சஞ்சீவனி’ என்ற பொதுவான அடிப்படை பாலிசியில், அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள் வரை. மற்ற பாலிசிகளில் எத்தனை நாள் என்று பத்திரத்தில் பாருங்கள். டாக்டரின் சீட்டு, பில், ரசீது, ரிப்போர்ட் நான்கையும் பத்திரப்படுத்துங்கள். சீட்டில்தான் பெரும்பாலும் சிக்கல். “முதுகு வலி, எம்ஆர்ஐ” என்று இரண்டே வார்த்தை எழுதினால் கேள்வி வரும். எத்தனை வாரமாக வலி, கால் மரத்துப்போகிறதா, என்ன மருந்து கொடுத்தும் கேட்கவில்லை, எந்த நோயைச் சந்தேகிக்கிறார் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். சீட்டின் தேதி ஸ்கேனுக்குப் பிந்தியதாக இருந்தால் போச்சு.

கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) கோரிக்கைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி 1 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 விதி. மறுத்தால் எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.