சி.டி.க்குள் ஒரு சி.டி.

அப்பாவுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில், நெஞ்சுப் பகுதியில் வீக்கம், 6.1 செ.மீ. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை இடுக்கு வழியாகவே ஸ்டென்ட் கிராஃப்ட் (வீங்கிய இடத்தில் ரத்தக்குழாய்க்குள் பொருத்தும் கம்பி வலைத் துணிக்குழாய்) வைத்துவிடலாம் என்று சென்னை டாக்டர் சொன்னதும் போன உயிர் பாதி திரும்பியது. மீதி உயிரை ஊரில் இருந்த ஸ்கேன் சென்டர் வாங்கிவிட்டது.

அங்கே எடுத்த சி.டி. ஸ்கேனை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் திறந்து பார்த்தால் வெறும் போட்டோக்கள். கிராஃப்டின் விட்டம், நீளம் எல்லாம் அளந்துதான் வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிய ஒரிஜினல் படங்கள் வேண்டுமாம். ராத்திரி பஸ் பிடித்து கும்பகோணம் போனேன். கவுன்டரில் இருந்தவர், "ஃபிலிம்தான் குடுத்துட்டோமே சார், அப்புறம் என்ன?" என்றார். அரை மணி நேரம் வாதாடிய பிறகு சொல்கிறார், அந்தப் படங்களை அழித்துவிட்டார்களாம்!

இருந்திருந்தாலும் பயனில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஸ்கேன் வயிற்றோடு நின்றிருந்தது. கிராஃப்டைக் கொண்டுபோகும் குழாய் ஏறக்குறைய 8 மி.மீ. தடிமன். அது நுழையும் அளவுக்கு இடுப்பு, தொடை ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். அதனால் மறுபடியும் சாய ஊசி போட்டு ஸ்கேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் அதற்கு முன் ஐந்து நாள் காத்திருப்பு, சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் நிறுத்தம். அந்த ஐந்து நாளும் அப்பா இருமினால்கூட வீக்கம் வெடித்துவிடுமோ என்று எனக்குக் குலை நடுங்கியது.

அடுத்து இன்சூரன்ஸ். மருத்துவமனை டெஸ்க்கில் 'ஸ்டென்ட்' என்று மட்டும் எழுதி அனுப்ப, இதய ஸ்டென்டுக்கான தொகையை அனுமதித்துத் திருப்பினார்கள். 'இது இதய ஸ்டென்ட் அல்ல, மகாதமனி கிராஃப்ட்' என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி நானே உடனிருந்து ஏற்ற வைத்தேன். மறுநாள் மாலை முழுத் தொகையும் வந்தது. விண்ணப்பம் போகும் முன் ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

சிகிச்சை இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் கால் செயலிழக்கக்கூடும் என்பதால் அங்குள்ள நீரை வடித்து அழுத்தம் குறைக்க முதுகில் மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். மணிக்கொரு முறை நர்ஸ் காலை அசைக்கச் சொல்ல, "அசைச்சிட்டுத்தாம்மா இருக்கேன்" என்று அப்பா எரிந்து விழுந்தார். அந்தக் கோபத்தைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதி.

கிராஃப்டைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் ஸ்கேன். பென் டிரைவோடு போகப் போகிறேன். படங்கள் அதில் ஏறாமல் பில் கட்டுவதாக இல்லை.