பீச் விதை: ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்த பிறகுதான் வேலையே

ஒருவழியாகப் பீச் நாற்று நிமிர்ந்துவிட்டது. முந்தைய தொகுதிகள் முட்டைக்கோசு மாதிரி இலைகளை ஒரே இடத்தில் குவித்துக்கொண்டு நின்றன. கணுவிடை, அதாவது இரண்டு இலைக் கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டு, சில மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. இந்தத் தொகுதியில் பெரும்பாலானவை நேராக மேலே போகின்றன. கும்பகோணத்து வெயிலில், ஏசி இல்லாமல். கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

உறங்கும் விதையை எழுப்பக் குளிரில் வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 4-5 டிகிரி, விதையைப் புதைத்து வைக்க ஈரமான ஊடகம், 8 முதல் 12 வாரம். நம்மூரில் சறுக்குவது அதற்குப் பிறகு. குளிர் போதாத விதை முளைத்தாலும் குள்ளமாகும் என்பதை 1934இலேயே அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்ஸன் நிறுவனத்தில் ஃப்ளோரன்ஸ் ஃப்ளெமியன் எழுதிவிட்டார். டெல்டாக்காரனுக்கு அதைவிட முக்கியம் 1962இல் வந்த, போலாக் என்ற ஆய்வாளரின் கட்டுரை. முளைக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் படும் வெப்பமும் குள்ளத்துக்குக் காரணம். 25 டிகிரிக்கு மேல் போனால் வம்பு. நம் வீட்டுக் கொல்லையில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலைக்கு மட்டுமே சொந்தம்.

ஆகவே நாள்காட்டியைப் பின்னாலிருந்து போட வேண்டும். கொடைக்கானல் பழம் கோடையில் கிடைக்கும். கொட்டையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, புரட்டாசி வரை அப்படியே வைக்கலாம். அப்போது குளிரில் போட்டால் மார்கழியில் வேர் எட்டிப் பார்க்கும். பழம் தின்ற கையோடு போட்டால் ஆடி, ஆவணியில் முளைக்கும், குள்ளம் நிச்சயம்.

கொட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டாம். பட்டறை வைஸ்தான் சரி. தையல் கோட்டின் இரு விளிம்பும் வைஸின் தாடைகளில் படும்படி நிறுத்தி, மெதுவாகத் திருகுங்கள். ‘டப்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கால் சுற்று போனாலும் பருப்பு நசுங்கும். நசுங்கிய மூலையில்தான் பூஞ்சணம் முதலில் உட்காரும். ஒரு வாரமாவது உலர்ந்த கொட்டையில் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருக்கும், சேதம் குறைவு. உடைக்கும்போது கசப்பு பாதாம் வாசனை வரும், அது பருப்பில் உள்ள அமிக்டலின் என்ற சயனைடு தரும் பொருள் சிதையும் வாசனை. பருப்பு நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

ஊடகத்துக்குத் தென்னை நார்க்கழிவு போதும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கட்டி மலிவு. ஆனால் கழுவாத சரக்கில் உப்பு அதிகம். மூன்று தண்ணீராவது மாற்றுங்கள். “கழுவினது சார்” என்று சொல்லி விற்றதை வாயில் வைத்துப் பார்த்தால் கரித்தது! பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, கை மட்டும் நனைய வேண்டும். பருப்பை 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஐந்து நிமிடம் முக்கி, ஜிப் கவரில் போட்டுக் காய்கறித் தட்டில் வைக்கவும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். மின்தடைக்கு ஃப்ரிட்ஜில் நாலைந்து தண்ணீர் பாட்டில் நிரப்பி வைப்பது நல்லது.

இப்போது கதாநாயகன்: தெர்மகோல் மீன்பெட்டி. நாகப்பட்டினத்திலிருந்து மீன் வரும் பெட்டிதான், மீன்கடையில் கேட்டால் கிடைக்கும். வேர் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆகும் வரை விதை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். பிறகு நீளமான பாலிபேக்கில் நட்டு, பெட்டிக்குள் ஒரு லிட்டர் உறைந்த பாட்டிலோடு வைக்கவும். பாட்டில் பையைத் தொடக்கூடாது, நடுவில் அரைச் செங்கல். காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் பாட்டில் மாற்றினால் உள்ளே 18-21 டிகிரி நிற்கிறது. பொழுது சாய்ந்ததும் மூடியைத் திறந்துவிடலாம். பானைக்குள் பானை வைத்து ஈர மணல் போடும் வித்தை இங்கே பலிக்காது. வடகிழக்குப் பருவக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஆவியாதல் எங்கே நடக்கும்?

அப்படியும் குள்ளமானதற்குத் தண்டை நீட்டும் வளர்ச்சி ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலம், 200 பிபிஎம் (லிட்டருக்கு 200 மில்லிகிராம்). 90% தூள் 1 கிராமை 45 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்தால் மில்லிக்கு 20 மில்லிகிராம்; அதில் 10 மில்லியை ஒரு லிட்டருக்குக் கலக்கவும். போர் தண்ணீர் ஆகாது, காரத்தன்மையில் ஜிப்ரலின் சிதைந்துபோகும். மழைநீர் அல்லது ஆர்ஓ நீரில் கலந்து அன்றே தெளித்துவிட வேண்டும். நிறுத்தினால் சில செடி திரும்பக் குறுகும், எனவே இது மருந்து அல்ல, ஊன்றுகோல்.

விதை எந்தப் பழத்தினுடையது என்பதும் கணக்கு. ஃப்ளோர்டாபிரின்ஸ் போல வெகு சீக்கிரம் பழுக்கும் ரகங்களில் கரு முதிராமலே பழம் கனிந்துவிடும். அந்தப் பருப்பு திசு வளர்ப்புக்காரர்களுக்கு மட்டுமே. குளிர்நாட்டு இறக்குமதிப் பழத்து விதையில் வரும் மரம் அதே குளிரைக் கேட்கும்.

அடுத்தது மண். களிமண்ணில் நேரடியாக நட்டால் ஒரு ஐப்பசி போதும். நீர் தேங்கி மூச்சுமுட்டும் வேரில், அமிக்டலினின் உறவான புரூனசின் சிதைந்து சயனைடு வரும், மரம் தன் நஞ்சிலேயே சாகும். வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டடி மேடு போட உத்தேசம். வாழைத் தோப்பு பக்கத்தில் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழுவும் உண்டு. அதைத் தாங்கும் நீமாகார்ட் அடிக்கட்டை விதை தேடிக்கொண்டிருக்கிறேன்.

காய்ப்பு? உறங்கிய மொட்டு விழித்துப் பூக்கப் பீச்சுக்கு 7.2 டிகிரிக்குக் கீழ் இத்தனை மணி நேரம் என்று குளிர் வேண்டும்; தஞ்சாவூரில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. 100 மணி நேரம் மட்டுமே கேட்கும் யுஎஃப்பெஸ்ட் ரகத்துக்கும் இங்கே பூஜ்ஜியம்தான். உறங்கவே விடாமல் இலையுதிர்த்து மொட்டுகளை எழுப்புவது ஒன்றே வழி. ஜாவாவின் மலாங் மலைப்பகுதியில் ஆப்பிளுக்குக் கையால் இலை பறித்து அதைத்தான் செய்கிறார்கள். மெக்சிகோவில் கிடைத்த, உறங்காத பீச் மரத்தில், உறக்கத்தோடு தொடர்புள்ள டாம் (DAM) மரபணுக்கள் அறுபட்டிருப்பதை 2008இல் காட்டினார்கள். அந்த மரத்தின் ஒட்டுக்குச்சி நம் கைக்கு வரப்போவதில்லை. தை முடிந்ததும் பெரிய செடி இரண்டில் தண்ணீரைக் குறைத்து, இலையைப் பறித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் செம்மண் வண்டிக்காரர் சொன்ன தேதியில் வர வேண்டும்.