மழைக்காகச் சூரியனைப் பாக்கத் தொடங்கின மலை

கொடைக்கானலுக்குப் போற எங்கட ஆக்கள் ஏரியையும் தூண்பாறையையும் பாத்து சொக்லேற் வாங்கிக்கொண்டு வந்திடுவினம். அங்க 2,343 மீற்றர் உயரத்தில சூரியனைப் பாக்கிறதுக்கெண்டே ஒரு வானாய்வு நிலையம் இருக்கு, நான் போனதே அதுக்காகத்தான்.

அந்த இடம் வந்த காரணம் மழை. 1876-78 இல சென்னை மாகாணத்தில மழை பொய்ச்சுப் பெரும்பஞ்சம், லட்சக்கணக்கில சனம் செத்தது. அதை விசாரிச்ச கொமிசன், சூரியனில நடக்கிற மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கோ எண்டு அறிய சூரியனை ஒழுங்கா அவதானிக்கவேணும் எண்டு சொல்லிச்சுது. தூசு குறைஞ்ச உயரமான இடமாத் தேடி, 1899 இல கொடைக்கானலில வேலை தொடங்கி 1901 இல அவதானிப்பும் தொடங்கீட்டுது. காலபோகம் விதைச்சுப்போட்டு வானத்தையே பாத்துக்கொண்டிருக்கிற, இரணைமடுக் குளம் வான் பாயுதோ எண்டு விடியமுன்னம் ஃபோன் அடிச்சுக் கேக்கிற வீட்டில வளந்த எனக்கு, இது எங்கட கதையெல்லோ எண்டு இருந்துது.

உள்ள இருட்டுக்க, கண்ணாடி வழியா வாற வெயில் வெள்ளைத் திரையில முழுச் சூரியனா விழுது. கிட்டப் போய்ப் பாத்தன். விளிம்பு நடுங்கிக்கொண்டே நிக்குது, நடுங்கிறது சூரியன் இல்லை, இடையில இருக்கிற காத்துத்தான். ஒரு பக்கத்தில மிளகு ஒட்டின மாதிரி ஒரு சூரியப்புள்ளி, சூரியனில கறுப்பாத் தெரியிற இடம், அதுக்குள்ள பூமியே அடங்கும். பக்கத்தில அதே வெயிலை வானவில் மாதிரி நிறம் நிறமாப் பிரிச்சு நிறமாலையாக் காட்டினம், இடைக்கிடை மெல்லிய கறுப்புக் கோடுகள். மஞ்சளில நெருங்கி நிக்கிற ரெண்டும் சோடியத்திட கோடு எண்டு ஏ.எல் பிசிக்ஸில பாடமாக்கினது, கண்ணால கண்டது அண்டைக்குத்தான்.

வாயு அசைஞ்சா இப்பிடியான கோடுகள் இடம் விலகும். சூரியப்புள்ளியில அதுகள் கொஞ்சம் விலகி நிக்கிறதை வச்சுத்தான் ஜோன் எவர்ஷெட் எண்ட விஞ்ஞானி 1909 இல இதே மலையில, வாயு புள்ளியில இருந்து வெளிப்பக்கமாப் பாயுது எண்டு கண்டுபிடிச்சவர். 1904 இல இருந்து எடுத்த சூரியப் படங்களையும் காத்து வச்சிருக்கினம். எனக்கு அதுதான் எல்லாத்திலும் பெரிசு, ஆட்சி மாறி ஆக்கள் மாறியும் மேகம் விலகின நாளெல்லாம் ஆரோ ஒராள் போய்ப் படம் எடுத்திருக்கினம்.

இரவு அப்பாவுக்கு ஃபோனில சொன்னன். "அப்ப மழையைச் சொல்லலாமோ பிள்ளை?" எண்டார். இல்லையப்பா, புள்ளியள் ஏறக்குறைய 11 வருசத்துக்கொருக்காக் கூடிக் குறையும், ஆனா அதை வச்சு இந்தமுறை மாரி எப்பிடி எண்டு சொல்லேலாது எண்டன். "பிறகேன் இன்னும் பாக்கினம்?" சூரியனில புயல் வெடிச்சா செய்மதி, கரண்ட் எல்லாத்திலயும் அடி விழும், அதுக்கும் இந்தப் பழைய படங்கள் உதவும் எண்டு விளங்கப்படுத்த, "அப்ப விடாமப் பாக்கத்தான் வேணும்" எண்டார்.

வேளாங்கண்ணிக்குப் போற கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆக்கள் ஏ.எல் படிக்கிற பிள்ளையளோட போறியள் எண்டா கொடைக்கானலுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கோ. காலமையே ஏறுங்கோ, புகார் மூடினா திரையில ஒண்டும் விழாது.