மேல்கோடியில் தீ பட்ட பிறகு

மார்ச் 5

நேற்று சாயங்காலம் காப்புக்காட்டிலிருந்து இறங்கிய தீ, எங்கள் பட்டா நிலத்தின் மேல்கோடியில் மிச்சமிருந்த ஒரு ஏக்கர் காட்டையும் எரித்துவிட்டது. மசினகுடிப் பக்கம் பிப்ரவரி, மார்ச் வந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். தேக்கும் கருமருதும் மொட்டையாகிவிடும், சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். தீ இடுப்பளவுக்கு மேல் எழவில்லை. சருகைத் தின்றுகொண்டே மெல்ல நகர்ந்தது. உண்ணிச்செடிப் (லான்டானா) புதர் மண்டிய இடத்தில் மட்டும் படபடவென்று மேலே ஏறிக் கிளைகளைப் பிடித்தது. வாட்சர்கள் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்தே அணைத்தார்கள்.

மின்னல் விழுந்து பிடித்ததா என்று சித்தி போனில் கேட்டார். இந்தக் காடுகளில் தீ அநேகமாக மனிதர் கையால்தான் வருகிறது.

மார்ச் 8

சூடு ஆறியதும் உள்ளே போனேன். விறகுக்கு வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டு ஒருவர் அதற்குள் வந்துவிட்டார். வாட்சர் அண்ணன், “மழை வரட்டும் அக்கா, அதுவரைக்கும் ஒண்ணையும் வெட்ட விடாதீங்க” என்றார். அவர் சொல்வது சரிதான். எரியாத பக்கத்திலும் மரங்கள் இலையில்லாமல்தான் நிற்கின்றன. கருப்பாக இருப்பதை வைத்து மட்டும் எதற்கும் சாவு எழுத முடியாது.

மார்ச் 17

பேனாக்கத்தியோடு போனேன். பெரிய கருமருதின் பட்டை முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். ஒரு கட்டத்தைச் சுரண்டினேன். மேலே கரி, அதன் கீழே காய்ந்த பட்டை, இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் சிவப்பாக, விரலில் ஒட்டும் ஈரம். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் போன்ற ஒரு உயிர்ப்படலம் இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். சுமார் 60 டிகிரி சூடு ஏறினால் அது செத்துவிடும். அந்தச் சூடு உள்ளே எட்டுவதற்குள் தீ கடந்துபோய்விட்டால் மரம் பிழைத்தது. பட்டை இருமடங்கு தடிமனாக இருந்தால், தாங்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சின்ன மரத்துக்கு இதில் நியாயமே கிடையாது.

இன்னொன்றும் பார்த்தேன். தீ வந்து மோதிய பக்கத்தைவிட அதன் மறுபக்கத்தில்தான் கருகல் உயரமாக ஏறியிருக்கிறது. தண்டைச் சுற்றி வரும் காற்று பின்னால் சுழல்வதால் ஜுவாலை அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றுவிடுகிறது.

அப்புறம் அந்த நெல்லி. தானாக முளைத்தது. மான் கடிக்காமல் முள் கட்டி ஐந்து வருடம் வளர்த்தேன். மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. நாலு பக்கமும் கீறிப் பார்த்தேன். எங்கும் பழுப்பு, எங்கும் உலர்ந்திருந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை அளந்துவருகிறார்கள். 1 செ.மீ. தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் அங்கே கணக்கு உண்டு. அந்தக் காட்டில் அடுத்தடுத்துத் தீ வந்த ஆண்டுகளில் அதிகம் பலியானவை சின்னத் தண்டுகள். பெரியவை நின்றன. ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்குக் காடு அப்படியே இருப்பதாகத்தான் தெரியும். அடுத்த தலைமுறை காணாமல் போனது கண்ணில் படாது.

இதே நீலகிரியில் மேலே ஊட்டிப் பக்கம் ஈரமான மலைக்காடுகளான சோலைகளின் மரங்கள் கதை வேறு. மெல்லிய பட்டை, ஈரத்துக்குப் பழகிய உடம்பு. அங்கே ஒரு தீ புகுந்தாலே பெரிய சேதம். கீழே இருப்பவை தீக்குப் பழகியவை என்பதற்காக வருடாவருடம் எரியலாம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரல் 16

நேற்று கோடை மழை. ஈரச் சாம்பல் வாசம் வீடு வரைக்கும் வந்தது.

ஏப்ரல் 29

கருமருது உச்சியில் தளிர்த்துவிட்டது! நடுத்தரத் தேக்கு ஒன்றின் நுனிக் கிளைகள் செத்துவிட்டன. ஆனால் தண்டில் ஆளுயரத்தில் பட்டையைப் பிளந்துகொண்டு கொத்துக் கொத்தாகத் துளிர். பட்டைக்கு அடியில் இத்தனை வருடம் உறங்கிய மொட்டுகள் இவை. மேலேயிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்ததும் விழித்துக்கொண்டன.

மே 19

நெல்லி! தண்டு சுள்ளியாக ஒடிகிறது. ஆனால் அடியில், மண்ணும் வேரும் சேரும் இடத்தில், செம்பச்சையாக ஏழு துளிர்கள். எண்ணி எண்ணிப் பார்த்தேன். மண் ஒரு நல்ல போர்வை. சில அங்குலம் கீழே போனாலே இந்த மாதிரித் தரைத்தீயின் சூடு பெரிதாக எட்டுவதில்லை. வேரில் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து இவ்வளவும் எழுப்பியிருக்கிறது. ஆனால் அந்தக் கையிருப்பு மறுபடி நிரம்ப வருடங்கள் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. முள்வேலி திரும்பக் கட்டியாயிற்று. இளந்துளிருக்குப் புள்ளிமான் ராத்திரியே வந்து நிற்கும்.

ஜூலை 6

உண்ணிச்செடியும் அடியிலிருந்து துளிர்த்து, நெல்லியைவிட வேகமாக மேலே வருகிறது. மேலே மட்டும் வெட்டினால் பயனில்லை. மண்ணுக்குக் கீழே வேர் தொடங்கும் இடத்தில் வெட்டித் தலைகீழாகப் போட்டால்தான் அடங்கும். இன்று பன்னிரண்டு தூர் எடுத்தோம், கையெல்லாம் கீறல்.

கருமருதின் அடியில் முக்கோணமாக ஒரு இடத்தில் பட்டை கழன்று விழுந்திருக்கிறது. செத்த கட்டை செத்ததுதான், அது ஆறாது. மரம் அதை உள்ளுக்குள் தடுப்புக் கட்டி ஒதுக்கிவிட்டு, இரு ஓரத்திலிருந்தும் உதடு போலப் புதுப் பட்டையைச் சுருட்டி வளர்க்கிறது. விரலால் தடவினால் வழவழவென்றிருக்கிறது. இதன்மேல் கனமான பட்டை இன்னும் ஏறவில்லை.

நெல்லித் துளிரில் உயரமானது என் முழங்காலைத் தாண்டிவிட்டது. ஜனவரிக்குள் மேல்கோடியில் தீக்கோடு வெட்ட, அதாவது தீ தாண்டாதபடி ஒரு பட்டையாகச் சருகும் புதரும் நீக்க, ஆள் சொல்லிவைத்திருக்கிறேன்.