14 இரவு, 4 ஊர், அப்பாவின் முழங்கால்

குடும்பத்தோடு ஐரோப்பா போக நான் போட்ட முதல் திட்டத்தில் எட்டு ஊர்கள் இருந்தன. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், இன்டர்லாகன், மிலான், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். மொத்தம் 14 இரவு. எக்செல்லில் ஊருக்கு ஒரு வண்ணம் அடித்து, ஆபீஸில் ப்ரிண்ட் எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை மும்பை செம்பூர் வீட்டில் அப்பாவிடம் நீட்டினேன். அவர் மத்திய ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால அட்டவணை என்றால் காபியைக்கூட ஆற விட்டுவிடுவார்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஊருக்கும் ஊருக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் கோடுகளை எண்ணினார்.

"ஏழு தடவை பெட்டி கட்டணும். தூக்கப் போறது யாருடா?"

அதுவரை நான் ஊர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஊர் மாறும் நாளில் என்ன நடக்கும் என்று யோசிக்கவே இல்லை. காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, பெட்டியோடு ஸ்டேஷன் போய், வண்டி ஏறி இறங்கி, அடுத்த ஓட்டலில் மூன்று மணிக்குத்தான் அறை என்று சொல்ல, அங்கேயே சோபாவில் உட்கார்ந்திருந்து... சுமாராக அரை நாள் போய்விடும். ஏழு அரை நாள் என்றால் மூன்றரை நாள். இரண்டு வாரப் பயணத்தில் மூன்றரை நாளைப் பெட்டி இழுக்கவா செலவழிப்பது?

பிரஸ்ஸல்ஸும் ஆம்ஸ்டர்டாமும் அன்றே போயின. மிலான் வண்டி மாறும் ஸ்டேஷனாகச் சுருங்கியது. வெனிஸுக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. என் மனைவிக்குப் பல வருடக் கனவு. ஆனால் அந்த ஊரில் 400-க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. அப்பாவின் வலது முழங்காலுக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் ஏறுவதே பெரும்பாடு. "மாமாவுக்காக விடறேன், உனக்காக இல்ல" என்று சொல்லித்தான் விட்டுக்கொடுத்தாள். அந்தக் கணக்கு இன்னும் என் பேரில் பாக்கி இருக்கிறது.

மிஞ்சியவை நான்கு ஊர்கள். பாரிஸ் ஐந்து இரவு, இன்டர்லாகன் நான்கு, ஃப்ளாரன்ஸ் இரண்டு, ரோம் மூன்று. போகும்போது மும்பையிலிருந்து பாரிஸ், திரும்பும்போது ரோமிலிருந்து மும்பை. விமான டிக்கெட் தளங்களில் 'மல்ட்டி சிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத்தான் அழுத்த வேண்டும். பாரிஸுக்கே போய்வர டிக்கெட் எடுத்தால் விலை குறைவாகக் காட்டியது உண்மை. ஆனால் விமானம் பிடிக்க ரோமிலிருந்து மறுபடி பாரிஸ் வர நான்கு பேருக்கு ஆகும் செலவையும், அதில் போகும் ஒரு முழு நாளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு மலிவே இல்லை.

அடுத்தது கிழமை. இதை ஊர் தேர்ந்த உடனேயே பார்த்திருக்க வேண்டும். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஃப்ளாரன்ஸில் உஃபிட்ஸி ஓவியக்கூடம், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. என் எக்செல்லில் லூவர் எந்தக் கிழமையில் இருந்தது என்று கேட்கிறீர்களா? செவ்வாய்தான்.

தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதி, அப்பா தாளை முதலிலிருந்து போட்டார். அப்போது ஃப்ளாரன்ஸ் இடித்தது. இன்டர்லாகனிலிருந்து திங்கள் சாயங்காலம் போய்ச் சேர்ந்து, புதன் காலை ரோமுக்குக் கிளம்ப வேண்டும். கையில் செவ்வாய் ஒரே நாள். அதுவும் இரண்டு வண்டி மாறி வந்த அலுப்போடு. பாரிஸில் ஓர் இரவைப் பிடுங்கி ஃப்ளாரன்ஸுக்குக் கொடுத்தோம். இப்போது ஞாயிறு மாலை போய்ச் சேருவோம். திங்களன்று பெரிய அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், இருக்கட்டும். துணி துவைக்க, தூங்க, ஆற்றங்கரையில் உட்கார ஒரு நாள் வேண்டாமா? செவ்வாய் உஃபிட்ஸி.

பாரிஸ் 4, இன்டர்லாகன் 4, ஃப்ளாரன்ஸ் 3, ரோம் 3. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றுக்கும் போதும். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்று விதி இருக்கிறது: அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாடு. பழைய திட்டத்தில் பிரான்ஸ் ஐந்து, இத்தாலி ஐந்து என்று சமமாக நின்றது, அதனால் பிரான்ஸ். புதிய திட்டத்தில் பிரான்ஸ் நான்கு, இத்தாலி ஆறு. ஒரே ஓர் இரவு இடம் மாறியதில் தூதரகமே மாறிவிட்டது. நானோ அதற்குள் பிரான்ஸ் விண்ணப்பத்தை நான்கு பேருக்கும் பூர்த்தி செய்து வைத்திருந்தேன்.

கோடை விடுமுறைக்கு முன்னால் மும்பையில் எல்லா நாட்டு விசாவுக்கும் கூட்டம். கேட்ட உடனே தேதி கிடைப்பதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். மே மாதப் பயணத்துக்கு ஜனவரி கடைசியில்தான் எனக்கு ஞானம் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு டிராவல் ஏஜென்ட்டைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன வழி: "பாரிஸ்ல எட்டு நைட்டுன்னு ஓட்டல் போட்டுக் காட்டுங்க சார். விசா வந்ததும் கேன்சல் பண்ணிட்டு உங்க இஷ்டத்துக்குச் சுத்துங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எனக்குச் சபலம் தட்டியது, மறைப்பானேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பாதி வழியில இருக்கிற கர்ஜத்துக்கு டிக்கெட் எடுத்துண்டு புனே போறவனுக்கு என்ன பேரு?"

"வித்தவுட்."

"அதான் இது."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தினமும் காலை காபியோடு விசா மையத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்து, ஒருநாள் யாரோ விட்டுக்கொடுத்த தேதி மாட்டியது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் 45, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மகளுக்கு 11 வயது என்பதால் பாதிதான் ஆனது, கைரேகையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவளுக்கு அது பெரிய ஏமாற்றம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஓட்டல்களை எல்லாம் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் போட்டேன், விமானமும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதல் விலைக்கு.

ஆவணங்களைப் பற்றி ஊரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு மட்டும் இருக்கும் தலைவலியைச் சொல்கிறேன்: பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். மகளுக்கு என் பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. ஒரு குடும்பம், நான்கு பேர், ஒருவருக்கொருவர் ஒட்டாத பெயர்கள். விமான நிறுவனத் தளத்தில் குடும்பப்பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. புள்ளி வைத்தேன், கோடு வைத்தேன், எதையும் ஏற்கவில்லை. போனில் கேட்டதற்கு, இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொன்னார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், அதனால் கேட்டுவிட்டே போடுங்கள். அப்பா இரண்டு தடவை அப்பாவானார். விசாவுக்கு வைத்த கடிதத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்: தமிழர்களில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயரே பின்னால் வரும், உறவுக்குச் சான்றாகத் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இணைத்திருக்கிறோம் என்று. விசா மையத்தில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "சவுத்?" என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தினார்.

ரோமில் கொலோசியம் டிக்கெட்டிலும் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். 30 நாள் முன்புதான் விற்பனைக்கு விடுகிறார்கள். ஐஃபல் கோபுர லிஃப்ட்டுக்கு 60 நாள். இந்தத் தேதிகளை அப்பா காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு வைத்தார். தத்கல் எடுக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் புதிதில்லை.

ஓட்டல் தேடும்போது நாங்கள் பார்த்தது இரண்டே விஷயம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரமா, லிஃப்ட் இருக்கிறதா. அந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமல் நான்காவது மாடியில் அழகான அறை, அழகான பால்கனி என்று படம் போட்டு வைத்திருப்பார்கள். பாரிஸ் மெட்ரோவிலும் பெரும்பாலான பழைய ஸ்டேஷன்களில் படிதான், அதனால் அங்கே பஸ் என்று முடிவு செய்தோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்த அப்பா, இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறுத்தது தனிக்கதை.

இன்டர்லாகனில் நான்கு இரவு வைத்ததற்குக் காரணம் மேகம். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ஸ்டேஷனுக்கு 1912 முதல் ரயில் ஓடுகிறது, மலையைக் குடைந்து. டிக்கெட் விலை கண்ணைக் கட்டும். அவ்வளவு கொடுத்து மேலே போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அதனால் இடையில் கிடைத்த மூன்று முழு நாளில் எதையும் நிர்ணயிக்கவில்லை. தாளில் 'மலை நாள்' என்று பென்சிலில் எழுதியதோடு சரி. காலையில் எழுந்து மேலே இருக்கும் கேமராவை இணையத்தில் பார்த்து, வானம் தெளிவாக இருந்தால் அன்றைக்கே டிக்கெட். பாஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம்: நாட்டின் பெரும்பாலான ரயில்களுக்குச் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் அந்த உச்சிவரை செல்லாது, மேல்பகுதிக்குத் தள்ளுபடிதான். பாதிக் கட்டண அட்டை வாங்கினால் அந்த மலை டிக்கெட்டும் பாதியாகும். எங்கள் கணக்குக்கு இரண்டாவதே தோதாக வந்தது. இரண்டாம் நாள் வானம் திறந்தது. நானும் மகளும் போனோம். அந்த உயரம் வேண்டாம் என்று அப்பா கீழே லவுட்டர்புருன்னன் கிராமத்தில் ஏறக்குறைய 300 மீட்டரிலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவியைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இன்டர்லாகனில் அடுப்போடு கூடிய அபார்ட்மென்ட்டாகப் பிடித்திருந்தோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் எல்லாம் கட்டியாயிற்று. நெய்க்குத்தான் அனுமதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது, நெய் பாலில் சேர்த்தி. கிளம்பும் இரவு பெட்டியிலிருந்து அந்த பாட்டிலை வெளியே எடுத்தபோது மனைவி முகத்தில் வெனிஸ் மறுபடி தெரிந்தது.

ரயில் தாள் அப்பாவுடையது. இன்டர்லாகன், ஸ்பீஸ், மிலான், ஃப்ளாரன்ஸ். ஸ்பீஸில் வண்டி மாற எட்டு நிமிடம் என்று செயலி காட்டியது. அவர் நம்பவில்லை. "தாதர்ல ஒரு பிளாட்ஃபார்ம்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போகவே எட்டு நிமிஷம்டா." அதற்கு முந்தைய வண்டியில் ஏற்பாடு செய்தார். மிலானில் நான் 25 நிமிடம் விட்டிருந்தேன். இத்தாலியில் விரைவு வண்டிக்கு மலிவு டிக்கெட் எடுத்தால் அந்த வண்டிக்கு மட்டும்தான் செல்லும், நாம் வரும் வண்டி தாமதமானால் காசு போச்சு. அப்பா அதை ஒன்றேகால் மணி நேரமாக மாற்றினார். ஒன்றேகால் மணி நேரம் அந்த ஸ்டேஷனில் என்ன செய்வது என்று நான் முணுமுணுத்தேன். தாளின் ஓரத்தில் 'குறித்த நேரம்', 'வந்த நேரம்' என்று இரண்டு பத்தி கோடு போட்டு, இரண்டாவதைக் காலியாக வைத்துக்கொண்டார்.

ஸ்பீஸ் வரை பாரிஸிலிருந்து வந்த எல்லா வண்டிக்கும் அந்த இரண்டு பத்தியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். மலையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்த பிறகு வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அறிவிப்பு புரியவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், அவர் ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தைப் பார்ப்பதுமாக இருந்தோம்.

மிலானில் இறங்கியபோது 42 நிமிடம் தாமதம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, முழங்கால் மேல் வைத்து நேரத்தை எழுதினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்தார்.

"இன்னும் முப்பத்திமூணு நிமிஷம் இருக்கு. போய் காபி வாங்கிண்டு வா."