கசுபி கூரைக்கு 52 வளையம்: கம்பாலாவில் செய்து பார்த்த அனுபவம்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றுவேன். மனசில் நின்ற கட்டடத்தை வீட்டில் சின்ன அளவில் செய்து பார்ப்பேன். இந்த முறை எடுத்துக்கொண்டது, உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய அரசான புகாண்டாவின் அரசர்களுடைய சமாதி. நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் கசுபிக் குன்று இருக்கிறது. அதன் மேல் இருக்கும் அந்தப் புல்வீட்டுக்கு முஸிபு அஸாலா ம்பாங்கா என்று பெயர்.

வெளி விட்டம் 31 மீட்டர், உள்ளே உயரம் 7.5 மீட்டர். ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் 62 செ.மீ விட்டம், 15 செ.மீ உயரம். சாப்பாட்டு மேசையில் பாதி இடம் அதற்கே போய்விட்டது. இரண்டு மாதமாக மீதிப் பாதியில்தான் சாப்பிடுகிறோம்.

வாரம் 1

வட்டமாக அறுத்த ப்ளைவுட் பலகை, மூங்கில் குச்சித் தூண்கள். இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் தயங்கினேன்: எந்தக் காலத்துக் கசுபியைச் செய்வது? இந்த வீட்டைக் கட்டியது கபாகா முதலாம் முத்தேசா, 1882-இல். கபாகா என்றால் புகாண்டாவின் அரசர். அவர் அதை அரண்மனையாகத்தான் கட்டினார். 1884-இல் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1938-இல் நடந்த பெரிய பழுதுபார்ப்பில் காங்கிரீட்டும் இரும்பும் உள்ளே வந்தன. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2010 மார்ச் 16 இரவு தீப்பிடித்து முழுக் கூரையும் போயிற்று. அதே வருஷம் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். மறுபடி கட்டி எழுப்பிய பிறகு, 2023-இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

நான் முதன்முதலில் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் நின்றுதான் பார்க்க முடிந்தது. அங்கே நின்றபோதே மரமும் புல்லும் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். என் மாதிரியில் இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை.

வாரம் 2, 3

மொத்த வேலையின் உயிரே இந்த இரண்டு வாரம்தான். நம் ஊர்க் கூரை என்றால் கைமரம், வரிச்சு, மேலே கீற்று. கசுபியில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். அடியில் பெரிய வட்டம், மேலே போகப் போகச் சிறிய வட்டம், உச்சியில் கைப்பிடி அளவு. ஓலையும் புல்லும் சேர்த்துக் கட்டிய அந்த வளையங்கள் மொத்தம் 52. புகாண்டாவின் 52 குலங்களுக்கு ஆளுக்கொன்று.

கற்றாழை நாரை முறுக்கி, மேலே ராஃபியா ஓலைக் கீற்றைச் சுற்றி, வளையத்துக்கான கயிறு தயாரித்தேன். கணக்குப் போட்டபோது கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது. அடி வளையத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 195 செ.மீ கயிறு வேண்டும். 52-க்கும் சேர்த்தால் 50 மீட்டரைத் தொடும். ஒரு மீட்டர் சுற்ற அரை மணி நேரம் ஆயிற்று.

எட்டு நாள் ராத்திரி உட்கார்ந்து சுற்றினேன். அட்டையில் வெட்டிய அச்சின் மேல் அடியிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டிக்கொண்டே போனேன். உச்சி வந்துவிட்டது. பார்க்க நன்றாகவும் இருந்தது. எண்ணினேன். 41.

தப்பு எங்கே என்று அளந்தால் தெரிந்தது. சரிவின் நீளம் சுமார் 34 செ.மீ. அதில் 52 வளையம் உட்கார வேண்டுமானால் ஒவ்வொன்றும் ஆறரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. என் கயிறு 8 மில்லிமீட்டருக்கும் மேலே இருந்தது. மறுநாள் அலுவலகத்தில், கூட வேலை பார்க்கும் நண்பரிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் புகாண்டாக்காரர், ன்செனெனே குலம். 41-ஐயே வைத்துக்கொள்ளலாமா, யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்று கேட்டேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அப்போ எந்தப் பதினோரு குலத்தை வெளியே நிறுத்தப் போறீங்க?” என்றார்.

அன்று ராத்திரியே முழுதையும் பிரித்தேன்.

குலம் இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கத்திய மொழியான லுகாண்டாவில் அதற்கு எகிகா என்று பெயர். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சின்னம் உண்டு: சிங்கம், சிறுத்தை, யானை, புனுகுப்பூனை, அழுங்கு, நுரையீரல் மீன், காளான். தன் குலச் சின்னத்தை யாரும் தின்பதில்லை. ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. பிள்ளைக்கு வைக்கும் பெயரே அது எந்தக் குலம் என்று சொல்லிவிடும். ன்செனெனே என்றால் பச்சை வெட்டுக்கிளி. நவம்பர் மழையில் அது கூட்டம் கூட்டமாக வரும்போது கம்பாலா முழுக்க வறுத்து விற்பார்கள், ஊரே வாங்கித் தின்னும். என் நண்பர் தொடமாட்டார்.

அரசருக்குச் செய்யும் வேலையும் குலத்துக்குக் குலம் பிரிந்து கிடக்கிறது. கசுபிக்குப் புல் வேயும் உரிமை ங்கேயே குலத்துக்கு. அவர்களுடைய சின்னம் கொலோபஸ் குரங்கு. உள்ளே தூண்களையும் வளையங்களையும் அலங்கரிப்பது சிறுத்தைக் குலத்தாரின் பொறுப்பு. மரப்பட்டையிலிருந்து பட்டைத்துணி அடிப்பவர்களுக்குத் தலைமை ங்கோங்கே குலம். இத்தனையும் தெரிந்தபின் கூரையை அண்ணாந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. நாடே கூடி ஒரு வீட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்திருப்பது போல.

இரண்டாவது கயிற்றுக்கு நாரைப் பாதியாகக் குறைத்தேன். ராஃபியாவை ஊசியால் நீளவாக்கில் கிழித்து மெல்லிய இழையாக்கினேன். ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை அளந்தேன். இந்த முறை 52-ஆவது வளையம் ஒரு மோதிரத்தின் அளவில் உச்சியில் போய் உட்கார்ந்தது.

வாரம் 4

விரலெல்லாம் கொப்புளம். வேலைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கபாகாவின் அரண்மனை இருக்கும் மெங்கோ பக்கம் போனேன். புகாண்டாவின் நாடாளுமன்றமான லுகீக்கோ கூடும் புலாங்கே கட்டடத்திலிருந்து அரண்மனை வாசல் வரை ஒரே நேர்கோடாக ஒரு சாலை போகிறது. அதன் ஓரத்தில் குலச் சின்னங்களின் சிற்பங்கள் நிற்கின்றன. நடுவில் ஒரு ரவுண்டானா. மற்ற வண்டியெல்லாம் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். கபாகா மட்டும் நேராக அதன் ஊடே போவதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.

அரண்மனை வளாகத்துக்கு லுபிரி என்று பெயர். 1966 மே 24 அன்று அப்போது உகாண்டாவை ஆண்ட மில்டன் ஒபோட்டேயின் உத்தரவில் இடி அமின் தலைமையில் ராணுவம் அதைத் தாக்கியது. அப்போதைய கபாகா இரண்டாம் முத்தேசா மதில் ஏறித் தப்பி, கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அரசாட்சிகளையே ரத்து செய்தார்கள். வளாகத்துக்குள் அமின் காலத்துச் சித்திரவதைக் கூடம் இன்னும் இருக்கிறது. காங்கிரீட் சுரங்கம், அதில் இருட்டு அறைகள். உள்ளே போனதும் கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நானும் படம் எடுக்கவில்லை. மெங்கோவுக்குப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம். புகாண்டாவின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

அரண்மனை வாசலில் ஒரு நெருப்பு எரிகிறது. கபாகா உயிரோடு இருக்கும் வரை அணையாது. அரசர் இறந்துவிட்டார் என்று இங்கே சொல்வதில்லை, புகாண்டாவின் நெருப்பு அணைந்துவிட்டது என்பார்கள். அரசாட்சி 1993-இல் திரும்ப வந்தது. இப்போதைய கபாகா இரண்டாம் முத்தேபிக்கு அந்த ஜூலை 31 அன்று புட்டோவில் உள்ள நக்கலாபி குன்றில் முடிசூட்டினார்கள். மெங்கோ அரண்மனைக்குப் பக்கத்திலேயே கபாகா ஏரியும் இருக்கிறது. முதலாம் முத்தேசாவுக்கு அடுத்த கபாகா ம்வாங்கா 1880-களில் ஆட்களை வைத்து வெட்டியது. அங்கிருந்து விக்டோரியா ஏரி வரை கால்வாய் வெட்டுவது அவர் திட்டம், அது முடியவில்லை. சாயங்காலம் பறவை பார்க்க நல்ல இடம்.

வாரம் 5

கசுபி வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரே மேலிருந்து கீழ் வரை பட்டைத்துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் இருப்பதை கிபிரா, அதாவது காடு என்கிறார்கள். இங்கே அடக்கமான நான்கு கபாகாக்களும் அந்தக் காட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது நம்பிக்கை. அரசர்களின் தாடை எலும்பைத் தனியே எடுத்துப் பாதுகாப்பது பழைய வழக்கம். அதை மாற்றி முழு உடலோடு அடக்கமானவர் முதலாம் முத்தேசா. அடுத்தவர் ம்வாங்கா. ஆங்கிலேயர்கள் அவரை செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1903-இல் அங்கேயே இறந்தார், 1910-இல் கொண்டுவந்தார்கள். பிறகு 1939-இல் இறந்த டௌடி ச்வா. கடைசியாக இரண்டாம் முத்தேசா. 1969-இல் லண்டனில் இறந்தவர் 1971-இல் ஊர் திரும்பினார். நாலு பேரில் இரண்டு பேர் கடல் கடந்த மண்ணில் உயிரை விட்டு இந்தக் கூரைக்குத் திரும்பியவர்கள். திரையை ஏனோதானோவென்று செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கைவினைக் கடையில் வாங்கிய பட்டைத்துணி என் அளவுக்கு அட்டை மாதிரி தடிமன். எப்படி மெலிதாக்குவது என்று கேட்கத்தான் மசாகா சாலையில் போனேன். வழியில் பூமத்தியரேகை குறுக்கே போகும் கயாப்வே வரும், எல்லாச் சுற்றுலாக்காரர்களும் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள். அதற்கு முன்னாலேயே ம்பாம்பிரேயில் முரசு செய்கிறவர்களின் பட்டறைகள் இருக்கின்றன. எனக்கு அவை இன்னும் பிடித்தன.

பட்டைத்துணி அடிக்கும் பெரியவர் ஒருவரை நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். நாங்கள் அவரை “முஸே” என்றே கூப்பிட்டோம், இங்கே பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. முத்துபா மரம் நம் ஆல், அத்தி இனம்தான். மழைக்காலத்தில் மேலும் கீழும் வளையமாகக் கீறி, நடுவே நெடுக ஒரு கோடு போட்டு, பட்டையைச் சட்டை கழற்றுவது போலக் கழற்றிவிட்டார். உரித்த இடத்தை உடனே வாழை இலையால் சுற்றிக் கட்டினார். மரம் சாகாது, பட்டை திரும்ப வளரும். அதே மரத்தை மறுபடியும் உரிக்கலாம்.

பிறகு கொட்டகைக்குள் போனோம். வெயில் பட்டால் பட்டை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால்தான் கொட்டகை. தரையில் கிடத்திய ஒரு நீளக் கட்டை. கையில் கொட்டாப்புளி. அதன் முகத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கிறது. முதலில் அகலப் பள்ளம், அடுத்து நடுத்தரம், கடைசியில் நெருக்கமானது. அடிக்க அடிக்கப் பட்டை அகலமாகிக்கொண்டே போகிறது. என் கையில் கொடுத்தார். நான் ஓங்கி அடித்தேன், ஓரம் பட்டுச் சின்னதாகக் கிழிந்தது. அவர் கோபப்படவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, சும்மா விட்டார். கொட்டாப்புளி தன் பாரத்தில் தானே விழுந்தது. சத்தமே வேறு. வெளியே காய்ந்துகொண்டிருந்த துணி வெளுப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இந்தக் கலையை யுனெஸ்கோ 2005-இல் அங்கீகரித்தது. அடுத்த தலைமுறையில் இதை யார் அடிப்பார்கள் என்பதுதான் இப்போது என் கவலை.

வீட்டுக்கு வந்து ஒரு மரத்துண்டில் அரத்தால் நெருக்கமாகக் கோடு போட்டேன். துணியை நனைத்து, மடித்து, மணிக்கட்டைத் தளர விட்டு முக்கால் மணி நேரம் தட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தால் இழை தெரியும் அளவுக்கு மெலிந்தது. 14 செ.மீ திரை, மடிப்பு விழுந்து அழகாகத் தொங்குகிறது.

வாரம் 6 முதல் 8 வரை

புல் வேய்தல். உண்மையான புல் இந்த அளவுக்கு மூங்கில் போலத் தடியாகத் தெரியும். அதனால் கற்றாழை நாரைச் சீப்பால் வாரி, தேயிலை டிகாஷனில் ஊறவைத்து நிறம் ஏற்றினேன். இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டி, இறவாரத்திலிருந்து ஆரம்பித்து மேலே போனேன். நம் ஊரில் வேய்கிற அதே முறைதான், கீழ் வரிசையின் தலையை மேல் வரிசையின் கால் மூட வேண்டும். கசுபியின் புல் கிட்டத்தட்ட தரை வரைக்கும் இறங்கிவிடும், வாசலில் மட்டும் வளைவாக வெட்டியிருக்கும். அந்த வளைவைக் கத்தரிப்பதற்கு மட்டும் ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. தடிமனான புல்லின் வெட்டு முகம் தூரிகை மாதிரி நேராக நிற்க வேண்டும். மூன்றாவது தடவையில்தான் வந்தது.

தரைக்கு, உண்மையில் செய்வது போலவே, எலுமிச்சைப்புல். காயவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கிப் பரப்பி, மேலே ஓலைப் பாய் போட்டேன். திரைக்கு முன்னால் ஈட்டிகளும் கேடயங்களும். முதலாம் முத்தேசா வளர்த்த சிறுத்தையைப் பாடம் செய்து அங்கே வைத்திருந்தார்கள் என்று தீ விபத்துக்கு முந்தைய படங்களில் பார்த்தேன். அதைக் களிமண்ணில் செய்து ஓரமாக நிறுத்தினேன்.

போன சனிக்கிழமை ன்செனெனே நண்பர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேசை முன் முழங்காலிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். அவசரப்படவில்லை. 52 வந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு, “வெபாலே” என்றார். நன்றி என்று அர்த்தம். பிறகு எலுமிச்சைப்புல் வாசனை வருகிறதே என்று மறுபடியும் குனிந்தார்.

இனி முற்றத்தைச் சுற்றி நாணல் வேலி, ன்டோகா ஒபுகாபா என்கிற முரசு வீடு, எல்லாவற்றுக்கும் முன்னால் புஜ்ஜாபுகுலா என்ற வாயில் வீடு. வேலிக்கு ஈர்க்குச்சி 400 வெட்டி வைத்திருக்கிறேன். முரசுத் தோலுக்கு என்ன போடுவது என்று கேட்க, வரும் ஞாயிறு மறுபடி ம்பாம்பிரே போகிறேன்.