வயித்து வலின்னு தான் சொன்னான்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம காலைல அஞ்சரைக்கு அக்கா போன், "டேய், சின்னவன் வாந்தி எடுத்துனே கீறான், வயிறு வலின்னு சுருண்டு படுத்துக்கினான், வண்டி எடுத்துனு வா"ன்னு. பையனுக்கு 13 வயசு. மொத நாள் ராத்திரி கல்யாண வீட்டு பிரியாணி வேற, அதனால கேஸுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம், கிளினிக்லயும் அதே முடிவு, ஒரு ஊசி ரெண்டு மாத்திரை. யாரும் டிரவுசர அவுத்துப் பாக்கல, நான் உட்பட.

திரும்பி வர வண்டில ஏறச் சொன்னா கால அகட்டிக்கினு அப்படியே நிக்கறான். அப்போ தான் எனக்கு உறைச்சுது. அக்காவ அந்தாண்ட அனுப்பிட்டு கேட்டேன். தலைய குனிஞ்சுக்கினே "கீழ மாமா, அம்மாகிட்ட சொல்லாத" அப்டின்னான். இடது பக்க விதை வீங்கிப் போய் மேல ஏறி குறுக்கால கெடந்துச்சு. மூணு மணிலேர்ந்தே வலியாம்.

ஆட்டோ புடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், தண்டையார்பேட்டை பக்கம் கண்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்குது, ஆட்டோக்காரர் சந்து சந்தா பூந்து ஏழு மணிக்கெல்லாம் சேத்துட்டாரு, அவருக்கு கோயில் கட்டலாம். அங்க டாக்டர் தொடையோட உள்பக்கம் லேசா தடவிப் பாத்தாரு. தடவுனா அந்தப் பக்க விதை மேல தூக்கணுமாம், வலது பக்கம் தூக்குச்சு, இடது அசையவே இல்ல. உடனே தியேட்டர ரெடி பண்ணச் சொல்லிட்டாரு. ஸ்கேன் ரூம் பக்கத்துலயே காலியா இருந்ததால தான் அனுப்புனாரு, லேட் ஆகும்னா அது இல்லாமலே ஆபரேஷன் தான்னாரு.

கைய புடிச்சுக்கினு உள்ள நான் நின்னேன். மொதல்ல நல்லா இருக்கற பக்கம். ஜெல் போட்டு ப்ரோப்ப, அதான் ஸ்கேன் பண்ற கைக்கருவிய, வெச்சதும் ஸ்கிரீன்ல செவப்பும் நீலமுமா துடிக்குது. செவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்னு நெனச்சேன், அது இல்லையாம், வழக்கமா ப்ரோப் பக்கம் வர்ற ரத்தம் செவப்பு, விலகிப் போறது நீலம், அவ்ளோ தான். அப்புறம் இடது பக்கம் வெச்சாங்க. கலரே இல்ல. சாம்பல் உருண்டை மட்டும். கொஞ்சம் மேல நகத்தி காட்டுனாங்க, ரத்தம் போற கொடி வலைக்கயிறு முறுக்கிக்கின மாதிரி சுழிச்சிக்கினு இருக்குது.

கிருமித் தொத்தா இருந்தா கலர் கம்மி ஆகாது, கூடத்தான் செய்யுமாம். ஆனா அரைகுறையா முறுக்கியிருந்தா கொஞ்சம் கலர் தெரியும், அத நம்பி வீட்டுக்கு அனுப்பிடக் கூடாதுன்னும் சொன்னாங்க. ரத்தம் நின்னு 6 மணி நேரத்துக்குள்ள பிரிச்சு விட்டா பெரும்பாலும் பொழைச்சிக்கும், நேரம் போகப் போக கஷ்டம்.

எட்டு மணிக்குள்ள தியேட்டர். முறுக்க பிரிச்சப்போ கருநீலமா இருந்துச்சாம், வெதுவெதுப்பான துணி சுத்தி வெச்சு கலர் திரும்பற வரைக்கும் காத்திருந்தாங்களாம். திரும்பிடுச்சு. சில பசங்களுக்கு பொறந்ததுலேர்ந்தே விதை சரியா ஒட்டாம மணி நாக்கு மாதிரி தொங்குமாம், அது ரெண்டு பக்கமும் இருக்கலாம், அதனால வலதையும் சேத்து தையல் போட்டுட்டாங்க. கொஞ்ச மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன், விதை சுருங்காம இருக்கான்னு பாக்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஆட்டோல மெதுவா சொல்றான், ஒரு மாசம் முன்னாடி ஃபுட்பால் ஆடிட்டு வந்தப்பவும் இதே மாதிரி வலிச்சுதாம், அரை மணில தானா நின்னுடுச்சாம். ஏன்டா சொல்லலன்னு கேட்டா ரோட்ட பாத்துக்கினு வர்றான்.